ஒரு காற்புள்ளியின் விலை

சுவடிப்பதிப்பு குறித்துப் பாடம் நடத்தும்போதெல்லாம் பாடபேதம் என்ற சொல்லில் சற்று நிற்பதுண்டு. இரு பிரதிகளை அருகருகே வைத்து வேறுபாடு தேடும் அந்தப் பொறுமை பதிப்பாசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று, வழக்கறிஞர்களுக்கும் உரியது.

இடைக்கால இங்கிலாந்தில் ஒரே தோலில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, நடுவே பல்வரிசைபோல் வெட்டி, ஆளுக்கொரு பாதி கொடுத்தனர். ஐயம் எழுந்தால் விளிம்புகளைப் பொருத்திப் பார்ப்பார்கள். ‘இண்டென்ச்சர்’ என்னும் பெயர் அந்தப் பற்களால் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் நம்மவரை மொரீஷியசுக்கும் நட்டாலுக்கும் கொண்டுசென்ற கூலி ஒப்பந்தத்திற்கும் அதுவே பெயர்.

கணினி இவ்வேலைக்கு வந்தது வேறு வாசல் வழியாக. 1974இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் ‘டிஃப்’ என்ற நிரலை யுனிக்ஸில் சேர்த்தார். இரு கோப்புகளிலும் வரிசை பிறழாமல் பொதுவாய் அமைந்த வரிகளுள் மிக நீண்ட தொடரை அது முதலில் காணும்; எஞ்சியவை வேறுபாடுகள். பின்னர் காம்பேர்ரைட், டெல்டாவியூ முதலிய மென்பொருள்கள் சட்ட அலுவலகங்களுக்கு வந்தன. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சரிபார்த்துச் சிவப்புக்கோடிட்ட வேலையை அவை ஏற்றுக்கொண்டன.

ஆனால் கோடிட்டுக் காட்டுவதும் பொருள் காண்பதும் ஒன்றா? கனடாவில் ரோஜர்ஸ், அலையன்ட் நிறுவனங்கள் கம்பங்களின் பயன்பாடு குறித்து 2002இல் ஒப்பந்தம் செய்தன. முதல் ஐந்தாண்டு, அடுத்தடுத்த ஐந்தாண்டுகள், ஓராண்டு முன்னறிவிப்புடன் விலகும் உரிமை ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. விலகும் உரிமைக்கு முன்னிருந்த காற்புள்ளியால் அவ்வுரிமை முதல் ஐந்தாண்டுக்கும் பொருந்தும் என 2006இல் ஒழுங்குமுறை ஆணையம் தீர்ப்பளித்தது. பத்து லட்சம் டாலர் வழக்கென்று நாளேடுகள் எழுதின. 2007இல் அதே ஆணையம் பிரெஞ்சு வடிவத்தை ஒப்புநோக்கித் தன் முடிவை மாற்றியது. அதில் அந்தக் குழப்பம் இல்லை. அங்கே உதவியது, இரு மொழி வடிவங்களைப் பொருளறிந்து படித்த கண்.

2017இல் ஜேபி மார்கன் வங்கி, கடன் ஒப்பந்தங்களைப் படிக்க ஆண்டுக்கு 3,60,000 மணிநேரம் பிடித்த வேலையை ஒரு மென்பொருள் நொடிகளில் செய்வதாக அறிவித்தது. மிச்சமான நேரத்தில் ஒரு பகுதியேனும் காற்புள்ளிகளுக்குக் கிட்டுமாயின் நன்று.

நம் சுவடிகளில் காற்புள்ளியே கிடையாது. அச்சில் இன்று நாம் காணும் நிறுத்தற்குறிகள், பதிப்பாசிரியர் தாம் கொண்ட பொருளுக்கேற்ப இட்டவை. பாடபேதப் பட்டியலை எந்திரமும் தரலாம். குறியை எங்கே இடுவது என்று முடிவு செய்தவர் அதற்கு விடைசொல்லவும் கடமைப்பட்டவர். ஒப்பந்தத்திற்கும் அஃதே முறை.