அந்த மூணு பேர் எங்கே போனாங்க? ஆளில்லாத தீவின் கலங்கரை விளக்கக் கதை!

மர்ம வீடியோக்களை விரும்பிப் பார்ப்பவரா நீங்க? அப்போ 'ஐலீன் மோர்' உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்கு மேற்கே சுமார் 32 கி.மீ தூரத்தில், அட்லாண்டிக் கடலில் இருக்கும் குட்டித் தீவு. பாறை, புல், கடற்பறவைகள்... அவ்வளவுதான்.

1899 டிசம்பரில் இங்கே கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 1900 டிசம்பர் 15 இரவு, அந்த வழியா போன கப்பலுக்கு வெளிச்சம் தெரியலை. 26-ம் தேதி மாற்று ஊழியருடன் 'ஹெஸ்பெரஸ்' கப்பல் வந்தபோது, பணியில் இருந்த 3 பேரையும் காணோம்!

'தட்டில் தொடாத சாப்பாடு, கவிழ்ந்த நாற்காலி' என்று இன்னிக்கும் சொல்றாங்களே? அது 1912-ல் வில்ஃப்ரிட் கிப்சன் எழுதிய கவிதையில் வருவது. நிஜத்தில் பாத்திரங்கள் கழுவியிருந்தன. விளக்கும் துடைத்து, எண்ணெய் நிரப்பித் தயாராக இருந்தது. ஒருவரின் மழைக்கோட் மட்டும் அங்கேயே இருந்தது.

மேற்குப் படகுத்துறையில், கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டருக்கும் மேலே வைத்திருந்த கயிற்றுப்பெட்டியையே அலை உடைத்திருந்தது. பொருள்களைப் பத்திரப்படுத்தப் போனவர்களை ராட்சத அலை இழுத்துச் சென்றிருக்கலாம் என்றது விசாரணை. உடல்கள் கிடைக்கவே இல்லை.

1971-ல் விளக்கு தானியங்கி ஆனது. இப்போ அங்கே யாரும் வசிப்பதில்லை. அடுத்த முறை 'ஏலியன் கடத்தல்' வீடியோ வந்தால், ஷேர் பண்ணும் முன் ஒரு நிமிஷம் யோசிங்க. அவங்க மூணு பேரும் வேலை பார்க்கப் போனவங்க!