வேலை உடுப்பு: டிவைன் என்ற பெண்வேடக் கலைஞர்

1984ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஊரை விட்டு வந்து எம்மில் பலருக்கு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கிழக்கு லண்டனில் ஒரு வீட்டின் மேல்மாடியில், இரண்டு அறைகளில் ஏழு பேர் இருந்தோம். வியாழக்கிழமை இரவுகளில் பி.பி.சி.யில் 'ரொப் ஒஃப் த பொப்ஸ்' போகும். ஆங்கிலம் பிடிபடாவிட்டாலும் பாட்டு விளங்கும் என்ற நம்பிக்கையில் எல்லோரும் ரி.வி.க்கு முன்னால் குந்தியிருப்போம். அன்றொரு நாள் திரையில் தோன்றியது மிகப் பருத்த ஓர் உருவம். உடலை இறுக்கிப்பிடித்த கவுண். நெற்றியின் உச்சிவரை இழுத்து வரையப்பட்ட புருவங்கள். வாயைத் திறந்தால் தொண்டை கட்டிய ஆண்குரல். நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். எம்மில் மூத்தவரான அண்ணை எழும்பிப்போய், "உதையெல்லாம் பாக்கவேணுமே?" என்றபடி ரி.வி.யை நிற்பாட்டினார்.

அண்ணை தனித்து நிற்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு பி.பி.சி.க்கு முறைப்பாடு செய்த ஆங்கிலேயரும் இருந்தார்கள். இவ்வளவுக்கும் அந்தப் பாட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 16ஆம் இடம்வரை ஏறியது. பாடியவர் டிவைன்.

அறையிலிருந்த ஏழு பேரில் ஒருவன் மட்டும் அன்று சிரிக்கவில்லை. அதை நாம் கவனிக்கவில்லை. பல வருடங்களுக்குப் பின் அவனே சொல்லித்தான் தெரியும். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

ஆண் பெண் வேடம் கட்டுவது எமக்குப் புதினமல்ல. அரிச்சந்திர மயான காண்டத்தில் சந்திரமதியாக வந்து மகனுக்காக அழுத ஆணைப் பார்த்து எமது ஆச்சிமார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள். அப்போது யாரும் 'உதையெல்லாம் பாக்கவேணுமே' என்று கேட்டதில்லை. அந்த நடிகர் தான் ஆண் என்பதைச் சபையை மறக்கச் செய்தார், மறந்தவர்கள் அழுதார்கள். டிவைனோ ஒரு கணமும் மறக்க விடவில்லை. குரலை மறைக்கவில்லை, பருமனை மறைக்கவில்லை, வியர்வையை மறைக்கவில்லை. சபையை அருட்டியதும் சிரிக்க வைத்ததும் அதுதான்.

டிவைனின் இயற்பெயர் ஹரிஸ் கிளென் மில்ஸ்ரெட். 1945 ஒக்ரோபர் 19ஆம் திகதி அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்துப் பால்ரிமோர் நகரில் பிறந்தவர். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தாயும் தகப்பனும் சிறுபிள்ளைகள் பராமரிப்பு நிலையம் ஒன்று நடத்திய, வசதிக்குக் குறைவில்லாத, பக்தியுள்ள குடும்பம். பிள்ளை பருமன், மென்மையான நடை, பெண்பிள்ளைகளோடு கூட்டு. இவை போதாதா? பள்ளிக்கூடத்தில் அடியும் கேலியும் வாங்கித் தீர்த்தார். படிப்பு முடிந்து சிகையலங்காரம் பழகினார். உயரமாகக் கட்டியெழுப்பும் அக்காலத்துப் பெண்களின் கொண்டைகளில் அவருக்குக் கைராசி. பெற்றோர் மகனுக்கென ஒரு சலூனே வாங்கிக் கொடுத்தார்கள். அதில் அவர் நிலைக்கவில்லை. கடன்பட்டு விருந்து வைப்பதும், கட்டணச் சீட்டுகள் தகப்பனின் வீட்டுக்குப் போய்ச் சேர்வதுமாக நாட்கள் கழிந்தன.

அதே அயலில் வளர்ந்த இன்னொரு இளைஞர் ஜோன் வோட்டர்ஸ். தகப்பனிடம் கடன் வாங்கிய காசில், கூட்டாளிகளை நடிக்க வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் படம் பிடித்துத் திரிந்தவர். கிளென்னுக்கு 'டிவைன்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். தெய்வீகம் என்று பொருள்படும் சொல். பிரெஞ்சு எழுத்தாளர் ஜோன் ஜெனேயின் நாவலொன்றிலும் இதே பெயரில் ஒரு பாத்திரம் உண்டு. 1966இல் 'ரோமன் கன்டில்ஸ்' என்ற குறும்படத்தில் தொடங்கிய கூட்டு, டிவைன் சாகும்வரை நீடித்தது.

முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பனையாளர் வான் சிமித் டிவைனின் முன்தலை மயிரைப் பாதி மண்டைவரை வழித்தெடுத்தார். கண்ணிமைக்கும் புருவத்துக்கும் தீட்டுவதற்கு முகத்தில் இடம் போதாது என்பதுதான் காரணம். பெண்ணைப்போல் தோன்றுவதற்கு ஒருவர் இப்படிச் செய்யமாட்டார். சினிமாக் கன்னிகளின் அழகை எடுத்து, இரண்டு மடங்கு மூன்று மடங்கு பெருப்பித்து, அது எவ்வளவு கொடூரமான முகமூடி என்பதைக் காட்டிவிடும் ஒப்பனை அது. எமது கூத்தில் இராவணனுக்கும் துரியோதனனுக்கும் வைக்கும் வேடத்துக்குத்தான் இது கிட்ட நிற்கும்.

1972இல் வெளிவந்த 'பிங்க் பிளமிங்கோஸ்' அவரைப் பேசுபொருளாக்கியது. பத்துப் பன்னிரண்டாயிரம் டொலரில் எடுத்த படம். உலகிலேயே மிக அசிங்கமான ஆள் யார் என்று இரு குடும்பங்கள் போட்டியிடுவது கதை. அதன் கடைசியில் டிவைன் நாயின் மலத்தை எடுத்து வாயில் போடுவார். தந்திரக் காட்சியல்ல, உண்மையாகவே செய்தது. படம் நியூயோர்க்கில் நள்ளிரவுக் காட்சியாக ஓடத்தொடங்கி, வருடக்கணக்கில் ஓடியது. ஆனால் அந்த ஒரு நிமிடம் டிவைனை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. எந்தப் பேட்டியிலும் முதல் கேள்வி நாயைப் பற்றியதாகவே இருந்தது. அடுத்த படமான 'ஃபீமேல் ட்ரபிள்' (1974) இதைவிட நல்ல நடிப்பு. அதில் அவர் நாயகியாகவும், அவளைக் கெடுக்கும் ஆணாகவும் இரு வேடங்களில் வருகிறார். ஒரே உடம்பு அடிப்பவனாகவும் அடிவாங்குபவளாகவும் நிற்பதைப் பார்க்கும்போது, இது வெறும் கோமாளிக் கூத்தல்ல என்பது புரியும்.

இந்தக் காலத்தில்தான் வீட்டோடு இருந்த தொடர்பு அறுந்தது. ஏறக்குறைய ஒன்பது வருடம் பெற்றோரும் மகனும் பேசவில்லை. மகன் எங்கே, என்ன செய்கிறான் என்பதைத் தாய் பிரான்சிஸ் ஒரு சஞ்சிகைக் கட்டுரையின் மூலம்தான் அறிந்துகொண்டார்.

டிவைனுக்குப் படங்களால் பெயர் வந்ததே தவிரச் சோறு வரவில்லை. 1976இல் ரொம் ஐயன் எழுதிய 'விமன் பிகைன்ட் பார்ஸ்' என்ற நாடகத்தில் பெண்கள் சிறையின் கொடூரக் காவலாளியாக நியூயோர்க் மேடையில் நடித்தார். அடுத்த வருடம் அதே பாத்திரம் அவரை லண்டனுக்குக் கொண்டுவந்தது. 1981இல் வோட்டர்ஸின் 'பொலியெஸ்ரர்' படத்தில் கணவனாலும் பிள்ளைகளாலும் நொந்துபோன ஒரு குடும்பப் பெண் வேடம். அதன்பின் ஏழு வருடங்களுக்கு வோட்டர்ஸ் படமெடுக்க வழியில்லாமல் இருந்தார். அந்த ஏழு வருடமும் டிவைனைக் காப்பாற்றியது பாட்டு.

அவருக்குப் பாடத் தெரியாது. இதை அவரே ஒளித்ததில்லை. சுருதிக்குள் நிற்காத, கரகரத்த, அதட்டும் குரல். ஆனால் அக்காலத்து டிஸ்கோக்களில் 'ஹை எனர்ஜி' என்று ஒரு வேக இசை பிறந்திருந்தது. இயந்திரத் தாளத்துக்கு மேலே பாகவதர் குரல் தேவையில்லை, அதட்டல் போதும். நியூயோர்க்கைச் சேர்ந்த பொபி ஒர்லாண்டோ எழுதித் தயாரித்த 'நேற்றிவ் லவ்', 'ஷூட் யுவர் ஷொட்' (1982) ஆகிய பாட்டுகள் நெதர்லாந்திலும் ஜேர்மனியிலும் பரவின. பிறகு லண்டனில் ஸ்ரொக், ஏய்ற்கின், வோட்டர்மன் என்ற மூவர் தயாரித்ததுதான் நாம் ரி.வி.யில் பார்த்த 'யூ திங்க் யூ ஆர் எ மான்'. 1985இல் 'வோக் லைக் எ மான்' 23ஆம் இடத்துக்கு வந்தது. 'நீ உன்னை ஆண் என்று நினைக்கிறாய்', 'ஆணைப்போல நட'. பெண்வேடம் போட்ட ஆண் இத்தலைப்புகளை அதட்டிப் பாடியதில் உள்ள பகிடி, ஆங்கிலம் தெரியாத எமக்கு அன்று தப்பிப்போனது.

இரவு விடுதி மேடையில் அவர் செய்தது எளிமையானது. ஒலிநாடாவில் இசை ஓடும். அவர் வந்து சபையைத் தூஷணத்தில் திட்டுவார். சபை மகிழ்ச்சியில் கூவும். சில பாட்டு, இன்னும் கொஞ்சம் திட்டு, தன் பருமனைப் பற்றி நாலு பகிடி, முடிந்தது. அந்தத் திட்டுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவரைத் திட்டியவர்கள் எதையெல்லாம் சொன்னார்களோ அதையெல்லாம் அவர் முந்திச் சொல்லிவிட்டார். இனிச் சொல்ல மற்றவர்களிடம் எதுவும் மிச்சமில்லை. கீழே நின்று ஆடியவர்களில் பெரும்பாலோர் தன்பாலீர்ப்புள்ள இளைஞர்கள். அவர்களும் வெளியே அதே வசைகளைக் கேட்டு வந்தவர்கள்தான்.

நிகழ்ச்சி முடிந்தால் டிவைன் கவுணைக் கழற்றி எறிந்துவிட்டுத் தளர்ந்த சேட்டுக்குள் போய்விடுவார். தான் ஓர் ஆண் என்றும், நடிகன் என்றும், இது தன் வேலை உடுப்பு என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார். இறுக்கிய உடுப்பும் உயர்ந்த குதியும் அவருக்கு வேதனையாகவே இருந்தன. தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழும் ஒருவரின் வாழ்வும், வேடம் கட்டி உழைக்கும் ஒருவரின் தொழிலும் வெவ்வேறு. எமது பேச்சில் இரண்டையும் ஒரே வசைச்சொல்லுக்குள் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். ஆண் வேடங்களுக்காக அவர் ஏங்கினார். 1985இல் அலன் ருடோல்பின் 'ட்ரபிள் இன் மைன்ட்' படத்தில் கோட்டும் சூட்டுமாக ஒரு பாதாளக் குழுத் தலைவனாக நடித்தார். அப்படியான அழைப்புகள் அருமையாகவே வந்தன.

இனி 'ஹெயர்ஸ்பிரே'. 1988இல் வெளிவந்த இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னோம். பால்ரிமோரில் 1957 முதல் 1964 வரை 'படி டீன் ஷோ' என்றொரு ரி.வி. நடன நிகழ்ச்சி நடந்தது. ஆடியவர்கள் வெள்ளை இளைஞர்கள். கறுப்பு இளைஞர்களுக்குப் புறம்பான நாள். 1963 ஓகஸ்டில் கறுப்பு, வெள்ளை மாணவர்கள் திட்டமிட்டு உள்ளே புகுந்து ஒரு நாள் சேர்ந்து ஆடினார்கள். அதன்பின் நிகழ்ச்சியைக் கலப்பாக நடத்த இணக்கம் ஏற்படவில்லை. 1964 ஜனவரியில் நிகழ்ச்சியையே மூடிவிட்டார்கள். வோட்டர்ஸ் இந்தக் கதையை எடுத்து, முடிவை மட்டும் மாற்றினார். படத்தில் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து ஆடி முடிக்கின்றன. வரலாறு செய்யத் தவறியதை ஒரு பகிடிப்படம் செய்து காட்டியது.

இதில் டிவைனுக்கு இரண்டு வேடம். ஒன்று, கறுப்பர்களைச் சேர்க்க மறுக்கும் ரி.வி. நிலைய முதலாளி. மற்றது, நிகழ்ச்சியில் ஆடத் துடிக்கும் பருத்த பெண்ணின் தாய் எட்னா. எட்னா வீட்டிலிருந்து ஊரார் உடுப்பு மினுக்கிக் கொடுத்துப் பிழைப்பவள். புருவம் உச்சிக்குப் போகவில்லை. கவுண் இறுக்கவில்லை. பழைய வீட்டுச் சட்டை, கலைந்த தலை, களைத்த முகம், மகள்மேல் பயம் கலந்த பாசம். இருபது வருடமாகப் பெருப்பித்துக் காட்டியவர் இப்போது சிறுப்பித்துக் காட்டுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போது நடிப்பவர் ஆண் என்பது மறந்து போகிறது. எமது சந்திரமதி நின்ற இடத்துக்கு அவர் இன்னொரு வழியாக வந்து சேர்ந்திருந்தார். அதுவரை அவரைக் கேலியாகத் தள்ளிய விமர்சகர்களும் பாராட்டினார்கள்.

பாராட்டைக் கேட்க அவருக்குக் கிடைத்தது சில வாரங்கள்தான். 'மரீட் வித் சில்ட்ரன்' என்ற ரி.வி. தொடரில் ஒரு மாமா வேடத்துக்கு, அவர் ஏங்கிய ஆண் வேடத்துக்கு, அழைப்பு வந்து லொஸ் ஏஞ்சலிஸ் போயிருந்தார். 1988 மார்ச் 7ஆம் திகதி ஹோட்டல் அறையில் நித்திரையிலேயே இறந்தார். இதயம் பெருத்திருந்தது. வயது 42. பால்ரிமோருக்கு அருகே ரௌசனில் அடக்கம் செய்தார்கள்.

தாயும் தகப்பனும் அப்போது அவரோடு இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1981இல் தாய்க்கும் மகனுக்கும் மீண்டும் தொடர்பு ஏற்பட்டிருந்தது. கடைசி ஏழு வருடம் போக்குவரத்தும் அன்பளிப்புகளுமாக இருந்தது. 2001இல் தாய் மகனைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார், 2009இல் காலமானார்.

பிறகு நடந்தவை சுருக்கமாக. 1989இல் டிஸ்னியின் 'லிட்டில் மெர்மெய்ட்' கார்ட்டூன் படத்தில் வரும் கடற்சூனியக்காரி டிவைனின் முகத்தையும் உடலையும் பார்த்து வரையப்பட்டவள். 'ஹெயர்ஸ்பிரே' 2002இல் பிராட்வே இசைநாடகமானது. எட்னாவாக ஆண் நடிப்பது மரபாகிவிட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'பிங்க் பிளமிங்கோஸ்' 2021இலும் 'ஹெயர்ஸ்பிரே' 2022இலும் சேர்க்கப்பட்டன. அதற்கு அடுத்த வருடமே, 2023இல், ரெனசி மாநிலம் பெண்வேட நிகழ்ச்சிகளைப் பொது இடங்களில் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. பதிவேட்டில் வைத்துப் பாதுகாப்பதும் சட்டம் போட்டு விரட்டுவதும் ஒரே நாட்டில் பக்கம் பக்கமாக நடக்கின்றன.

இனி எமது நண்பன். 1985இல் அந்த வீட்டை விட்டுப் போனான். ஏன் போகிறான் என்று நாம் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்ததாகப் பேசிக்கொண்டோம். பேசியவை நல்ல வார்த்தைகளல்ல. அவற்றில் சில ஊருக்கும் எட்டின. தகப்பனிடமிருந்து அவனுக்குக் கடிதம் வருவது நின்றது. தகப்பன் 1991இல் இறந்தபோது செய்தியைக்கூட அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. செத்தவீடு முடிந்து மூன்று மாதத்தின்பின் வேறொருவர் மூலம் அறிந்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் இலக்கியச் சந்திப்பில் அவனைக் கண்டோம். 'ஹெயர்ஸ்பிரே' வீடியோ கசெற்றை எமக்குத் தந்தவன் அவன்தான். அன்று ரி.வி.யை நிற்பாட்டியதைப் பற்றியும் அப்போதுதான் சொன்னான். "நீங்கள் சிரிச்சதுகூடப் பரவாயில்லை. அந்தாள் சிரிக்கத்தானே வந்து நிண்டது. ஆனா நீங்கள் அந்தாளோட சேந்து சிரிக்கேல்லை" என்றான்.

இதற்கு அன்று நாம் பதில் சொல்லவில்லை. அவனது தாய் இன்னும் ஊரில் இருக்கிறார். கடந்த வருடம் எம்மில் ஒருவர் போனபோது, 'அவன் எப்படி இருக்கிறான்' என்று மெதுவாகக் கேட்டாராம். போனவர் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.