செயற்கை இனிப்பூட்டிகளும் பசியும்: ஒரு வரலாறு

செயற்கை இனிப்பூட்டிகள் என்பவை நாவுக்கு மிகுந்த இனிப்பையும் உடலுக்கு மிகச் சொற்ப ஆற்றலையும் தரும் வேதிப்பொருள்கள். சாக்கரின், சைக்கிளமேட், ஆஸ்பர்டேம், சுக்ரலோஸ் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. 'டயட்', 'ஜீரோ' என்ற பெயர்களில் விற்கப்படும் குளிர்பானங்களில் சர்க்கரைக்குப் பதிலாக இவையே சேர்க்கப்படுகின்றன. இவை பசியைக் குறைக்கின்றனவா, கூட்டுகின்றனவா என்ற கேள்வி ஏறத்தாழ 40 ஆண்டுகளாக ஆய்வில் இருந்து வருகிறது.

இனிப்புக்குப் பஞ்சமில்லாத தேனி மாவட்டத்துக்கும் இந்தக் கேள்வி அந்நியமானதன்று. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வைகை அணைக்கு அருகே சர்க்கரை ஆலை உள்ளது. கரும்பும் திராட்சையும் தரும் இனிப்போடு ஆற்றலும் சேர்ந்தே வரும். 100 கிராம் திராட்சையில் சுமார் 15 கிராம் சர்க்கரை உண்டு. நாக்கு இனிப்பை உணர்ந்தால் வயிற்றுக்கு உணவு வந்துவிட்டது என்பது மனித உடல் நெடுங்காலமாகப் பழகிய கணக்கு. அந்தக் கணக்கைப் பிரித்தது வேதியியல்.

ஏழையின் சர்க்கரை

1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐரா ரெம்சனின் ஆய்வகத்தில் பணியாற்றிய கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருள்களை ஆராயும்போது தற்செயலாகச் சாக்கரினைக் கண்டறிந்தார். அது சர்க்கரையைவிடக் குறைந்தது 300 மடங்கு இனிப்பானது. உலகப் போர்க்காலங்களில் சர்க்கரை தட்டுப்பாடானபோது ஐரோப்பாவில் சாக்கரின் வீடுகளுக்குள் நுழைந்தது. அன்று அதை வாங்கியவர்களுக்கு உடல் எடை பற்றிய கவலை இல்லை; சர்க்கரை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் சாக்கரின் முதலில் அறிமுகமானது மலிவுப் பொருளாகத்தான். குச்சி ஐஸ், கலர் சோடா ஆகியவற்றில் செலவைக் குறைக்க அதைக் கலப்பது வழக்கமாக இருந்தது. 'சாக்கரின் போட்டது' என்றால் தரம் குறைந்தது என்று பெற்றோர் பிள்ளைகளைத் தடுப்பார்கள். அதே வகைப் பொருள் இன்று விலை உயர்ந்த தகரக் குவளையில், உடல்நலத்தின் அடையாளமாக விற்கப்படுவது வேடிக்கையான திருப்பம்.

இந்தத் திருப்பம் 1952இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. ஹைமன் கிர்ஷ் என்பவர் நீரிழிவு நோயாளிகளுக்காகச் சைக்கிளமேட் சேர்த்த 'நோ-கால்' என்ற பானத்தைத் தயாரித்தார். நோயாளிகளைவிட மெலிய விரும்பியவர்களே அதை அதிகம் வாங்கினர். பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்குமா? கோகோ கோலா 1963இல் 'டேப்', 1982இல் 'டயட் கோக்' ஆகியவற்றை வெளியிட்டது. இதற்கிடையே, புற்றுநோய் ஐயத்தால் 1969இல் அமெரிக்கா சைக்கிளமேட்டைத் தடை செய்தது. 1965இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் கண்டறிந்த ஆஸ்பர்டேம், 1983இல் அங்கே குளிர்பானங்களில் அனுமதி பெற்றது.

சுக்ரலோஸின் பிறப்பில் இந்தியர் ஒருவருக்குப் பங்குண்டு. 1976இல் லண்டன் குயின் எலிசபெத் கல்லூரியில் லெஸ்லி ஹாஃப்பின் ஆய்வுக் குழுவில் இருந்த சசிகாந்த் பட்னிஸிடம் ஒரு சேர்மத்தை 'டெஸ்ட்' செய்யச் சொன்னார்கள். அவர் காதில் அது 'டேஸ்ட்' என்று விழுந்தது. எடுத்து நாவில் வைத்துவிட்டார். ஆய்வகத்தில் எந்த மாணவரும் பின்பற்றக்கூடாத செயல் இது.

பசி பற்றிய வழக்கு

1986இல் இங்கிலாந்தின் ஜான் பிளண்டெல், ஆண்ட்ரூ ஹில் இருவரும் 'லான்செட்' இதழில் வெளியிட்ட சிறு குறிப்பு விவாதத்தைத் தொடங்கியது. ஆஸ்பர்டேம் கலந்த நீரைக் குடித்தவர்களிடம் பசியுணர்வு கூடியதாக அவர்கள் எழுதினர். இனிப்பை எதிர்பார்த்த உடல் ஏமாந்து, மேலும் உணவு கேட்கிறது என்ற விளக்கம் பரவியது. ஆனால் 1991இல் பார்பரா ரோல்ஸ் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மக்கள் உண்மையில் கூடுதலாக உண்டதற்கு உறுதியான சான்று தென்படவில்லை. பசி என்று சொல்வதும் தட்டில் கூடுதலாகப் போட்டுக்கொள்வதும் வேறு வேறு.

2008இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் சூசன் ஸ்விதர்ஸும் டெர்ரி டேவிட்சனும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த தயிர் கொடுத்தனர். குளுக்கோஸ் கலந்த தயிர் தின்ற எலிகளைவிட அவை அதிகம் தின்று எடை கூடின. 2012இல் நெதர்லாந்தில் 641 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு வேறு திசையைக் காட்டியது. 18 மாதங்கள் நாளொன்றுக்கு 250 மில்லிலிட்டர் சர்க்கரை பானம் குடித்தவர்களைவிட, இனிப்பூட்டி பானம் குடித்தவர்கள் சராசரியாக ஒரு கிலோ குறைவாகவே எடை கூடினர்.

இரண்டும் முரண்படுவதாகத் தோன்றலாம். எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. 2025இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் பேஜ் குழுவினர் 75 பேருக்குத் தண்ணீர், சர்க்கரை பானம், சுக்ரலோஸ் பானம் ஆகியவற்றை வெவ்வேறு நாள்களில் கொடுத்து, மூளையில் பசியை ஆளும் ஹைப்போதலாமஸ் பகுதியைக் கவனித்தனர். சர்க்கரை குடித்தபோது இருந்ததைவிடச் சுக்ரலோஸ் குடித்தபோது பசி கூடுதலாக இருந்தது. தண்ணீரோடு ஒப்பிட்டால் மூளையின் அப்பகுதியில் இரத்த ஓட்டம் கூடியதே தவிர, உணர்ந்த பசியில் வேறுபாடு இல்லை. அதாவது சுக்ரலோஸ் பானம் பசியைத் தணிக்கவில்லை. சர்க்கரை ஓரளவு தணித்தது.

உடல் எடையைக் கட்டுப்படுத்த இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது. செய்தித் தலைப்புகளில் இந்த இரண்டாவது வரி பெரும்பாலும் விடுபட்டுப் போவதால் அதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேநீர்க் குவளைக் கணக்கு

தேனி, போடி, கம்பம் பகுதிக் கடைகளில் தேநீருக்குச் சர்க்கரை கேட்காமலே விழும். வேண்டாதவர் முன்பே சொல்லியாக வேண்டும். குவளைக்கு 10 கிராம் வீதம் நாளைக்கு நான்கு தேநீர் என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. எனவே டயட் குளிர்பானத்தைவிட டீ, காபி பற்றிய ஆய்வே இங்கே அதிகம் பொருந்தும். சென்னையில் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை அத்தகைய ஆய்வொன்றை 2024இல் வெளியிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் 12 வாரங்கள் டீ, காபியில் சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் சேர்த்தனர். எடையும் இடுப்பளவும் சிறிதளவு குறைந்தன. மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

கொதிக்கும் தேநீரில் ஆஸ்பர்டேம் சிதைந்து இனிப்பை இழக்கும். சுக்ரலோஸ் வெப்பத்தை ஓரளவு தாங்கும். பிறவியிலேயே ஃபினைல்கீட்டோனூரியா என்ற அரிய நோய் உள்ளவர்கள் ஆஸ்பர்டேமை அறவே தவிர்க்க வேண்டும். அந்த எச்சரிக்கை புட்டியின் ஒட்டுத்தாளில் சிறிய எழுத்தில் இருக்கும்.