ஸ்கிப்பர்ஸ் சாலை

நியூசிலாந்தின் தென்தீவில், குயின்ஸ்டவுன் நகருக்கு வடக்கே, ஷாட்ஓவர் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் மலைச்சாலை. நீளம் சுமார் 22 கி.மீ. தங்கச் சுரங்கங்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் போடப்பட்ட இந்த மண்சாலை, பெரும்பகுதி ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம் கொண்டது.

ஷாட்ஓவரில் தங்கம் கிடைத்தது 1862இல். அவ்வாண்டு டான் எலிசன், ஹகராயா ஹாயிரோவா என்ற பூர்வகுடி மாவோரியர் இருவர், வெள்ளம் அடித்துச் சென்ற தங்கள் நாயைத் தேடி எதிர்க்கரைக்குப் போனார்கள். அங்கே பாறை இடுக்கில் தங்கம் மின்னியது. பொழுது சாய்வதற்குள் ஏறக்குறைய 300 அவுன்ஸ் அள்ளினார்கள். அந்த இடத்துக்கு இன்றும் மாவோரி பாயிண்ட் என்றே பெயர். பின்னால் திரண்டு வந்த கூட்டத்துக்கு மாவு முதல் மண்வெட்டி வரை எல்லாம் பொதிக்குதிரையின் முதுகில்தான் வந்தன.

ஆற்றுமணலில் தங்கம் குறைந்ததும் பாறைக்குள் தேட வேண்டியதாயிற்று. அதற்கான கனத்த இயந்திரங்களைக் குதிரை சுமக்க முடியாது. 1883இல் தொடங்கிய சாலைப் பணி 1890இல் முடிந்தது. பின்சர்ஸ் பிளஃப் என்னும் செங்குத்துப் பாறையில் கையுளியால் துளையிட்டு, வெடிவைத்துத் தகர்த்தே வழி எடுத்தார்கள். ஆற்றுக்கு மேல் சுமார் 90 மீட்டர் உயரத்தில் தொங்கும் ஸ்கிப்பர்ஸ் பாலம் திறக்கப்பட்டது 1901இல். அதற்குள் தங்கத்தின் நல்ல காலம் போய்விட்டது. சாலை தாமதமாக வந்தது என்பதே உண்மை. தங்கம் தீர்ந்ததால்தான் அதை அகலப்படுத்தவும் யாரும் முனையவில்லை. குதிரை வண்டிக்கு வெட்டிய வழியில்தான் இன்று கார் போகிறது.

ஓட்டுநருக்கு ஒருபுறம் பாறை, மறுபுறம் பாதாளம். பல இடங்களில் தடுப்புச்சுவர் கிடையாது. எதிரே வண்டி வந்தால், ஒதுங்க இடம் கிடைக்கும்வரை இருவரில் ஒருவர் பின்னோக்கி ஓட்டியாக வேண்டும். இங்குள்ள சிஸ்ட் பாறை ஏடு ஏடாக உரிந்து தூளாவது. மழையில் அந்தத் தூள் சேறாகி வழுக்கும். குளிர்காலத்தில் நிழல் விழும் வளைவுகளில் பனி உறைந்து கிடக்கும். வாடகைக் கார்களின் காப்பீடு பொதுவாக இந்தச் சாலையில் செல்லாது.

நியூசிலாந்திலும் நம் ஊர்போல் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அந்தப் பழக்கத்தையும், ஊட்டி, கொடைக்கானல் வளைவுகளில் ஓட்டிய துணிச்சலையும் நம்பி இங்கே இறங்க வேண்டாம். சாலை பழகிய உள்ளூர் ஓட்டுநரின் சுற்றுலா வண்டியில் அமர்ந்து போங்கள். பள்ளத்தாக்கைக் கண்ணாரப் பார்க்கவும் அதுவே வழி.