பெயர் எந்த ரிஜிஸ்டரில் இருக்கிறது?

பிரசவ லீவு என்றதும் நம் மனதில் வருவது ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெண். விடியக்காலையில் துடைப்பமும் தள்ளுவண்டியுமாகத் தெருவில் நிற்கும் நம்ம பொம்பளை வருவதில்லை. ரெண்டு பேரும் செய்வது ஒரே நகராட்சியின் வேலை. பெயர் ஏறிய ரிஜிஸ்டர்தான் வேறு.

1928 ஜூலையில் பம்பாய் சட்டசபையில் பிரசவகாலச் சலுகை மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டுக்கே நன்மை என்றார். 1929இல் வந்த சட்டம் ஆலைப் பெண்களோடு நின்றுவிட்டது. தெருக் கூட்டியவள் வெளியேதான் இருந்தாள்.

1961இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. சம்பளத்தோடு 12 வாரம் லீவு. பிரசவமான 6 வாரத்துக்கு வேலை வாங்கக் கூடாது. அதற்கு முந்தைய கடைசி 10 வாரத்தில், அவள் கேட்டால், கடின வேலையோ நீண்ட நேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது. வேலைக்குத் திரும்பியபின், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க தினமும் இரண்டு இடைவேளை.

'அவள் கேட்டால்' என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நாளைக்கு வேலைக்கு வராதே என்று மேஸ்திரி ஒரே வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய தினக்கூலி எப்படிக் கேட்பாள்?

தில்லி மாநகராட்சியில் ரோடு வேலைக்குக் குழி தோண்டிய மஸ்டர் ரோல் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்டார்கள். நிரந்தர ஊழியருக்கு லீவு உண்டு, உங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்றது மாநகராட்சி. 1996இல் தொழில் தீர்ப்பாயம் பெண்கள் பக்கம் நின்றது. மாநகராட்சி விடவில்லை, உச்சநீதிமன்றம் வரை போனது. 2000 மார்ச் 8 அன்று தீர்ப்பு வந்தது: தினக்கூலிப் பெண்ணுக்கும் பிரசவச் சலுகை உண்டு. கர்ப்பிணியின் சிரமம் வேலையின் வகையைப் பார்த்து வருவதில்லை என்பதை ஒரு மாநகராட்சிக்குப் புரியவைக்க இத்தனை கோர்ட்டு தேவைப்பட்டது.

நம்ம பக்கம் வருவோம். கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சி. மலைசனம் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தது. கூலியே இல்லாத இடத்தில் லீவு என்ற பேச்சு எப்படி முளைக்கும்? ஜாகீர் போனது, 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமும் ஆனது. தமிழக அரசின் நிரந்தரப் பெண் ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம் பிரசவ லீவு. நல்லதுதான். ஆனால் தமிழ்நாட்டு நகராட்சிகளில் குப்பை அள்ளும் வேலை காண்ட்ராக்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' ஆனது. பெயரை மாற்றியவர்கள் ரிஜிஸ்டரை மாற்றவில்லை. தில்லியில் மஸ்டர் ரோல் செய்த வேலையை இங்கே காண்ட்ராக்ட் செய்கிறது.

2017இல் லீவு 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இந்தச் சலுகைகளை வேலையிடத்தில் உள்ளூர் மொழியில் எழுதி, கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்ற பழைய விதி அதிலும் தொடர்கிறது. தோழர்கள் முதலில் இதைச் செய்யலாம். கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் வெள்ளிமலையிலும் துப்புரவுப் பெண்கள் காலையில் கூடும் இடத்துக்குப் போய் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சங்கத்தின் பெயரில் எழுதிக் கேளுங்கள். கர்ப்பிணி ஒருத்தி தனியாகப் போய்க் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.