பலாலி வழியாக மெட்ராஸ்

யாராவது யாழ்ப்பாணத்தைத் தூர ஊர் என்று சொல்லிவிட்டால் என் பெரியப்பா விடமாட்டார். "ஆருக்குத் தூரம்? கொழும்புக்குப் போறதெண்டா இரவு முழுக்க மெயில் ரெயினில குந்தியிருக்க வேணும். மெட்ராசுக்கெண்டா காலமை பலாலியில பிளேன் ஏறினால் மத்தியானச் சாப்பாடு அங்க. இப்ப சொல்லு, எது கிட்ட?"

சிறுவயதில் இதை அவருடைய அளப்பு என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த பலாலி, முள்ளுக்கம்பிக்கு அப்பால் இருந்த ராணுவ முகாம். அங்கிருந்து சனம் கூறைச்சேலை வாங்க மெட்ராசுக்குப் பறந்தது என்றால் எப்படி நம்புவது?

ஏர் சிலோனின் கதையைத் தேடிப் படித்தபோதுதான் பெரியப்பா கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. அந்த நிறுவனத்தின் முதல் விமானமே பலாலிக்குத்தான் வந்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி, சுதந்திரத்துக்கு இரண்டு மாதம்கூட மீதமில்லாத நேரம், 'சீதா தேவி' என்று பெயரிட்ட டகோட்டா ஒன்று இரத்மலானையிலிருந்து கிளம்பியது. காங்கேசன்துறை என்று அப்போது குறிப்பிடப்பட்ட பலாலியில் இறங்கி, பிறகு மெட்ராஸ் போனது. உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுதளம் அது.

வரைபடத்தில் அளந்து பார்த்தேன். இரத்மலானையிலிருந்து பலாலி சுமார் 330 கிலோமீட்டர். பலாலியிலிருந்து மெட்ராஸ் சுமார் 350. கிட்டத்தட்ட நட்டநடு. ஏர் சிலோனின் முதல் பாதையில் யாழ்ப்பாணம் கடைசி ஊர் அல்ல, வழியில் இருந்த ஊர்.

ஏர் சிலோனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய விமானங்களைத்தான் எழுதுகிறார்கள். 1949இல் ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸோடு பங்கு சேர்ந்து டிசி-4 விமானங்களில் லண்டனுக்கும் சிட்னிக்கும் பறந்தது, பிறகு கேஎல்எம்மோடு சேர்ந்து கான்ஸ்டலேஷன், அதற்குப் பிறகு பிஓஏசியோடு சேர்ந்து காமெட், 1969இல் சொந்தமாக ஒரு டிரைடென்ட். சின்ன நாட்டுக்கு இது பெரிய ஆசைதான். ஆனால் அந்தக் கூட்டாளிகள் ஒவ்வொருவராக மாறினார்கள், விமானங்களும் மாறின. முப்பது பேரைக்கூட ஏற்றமுடியாத டகோட்டாக்கள்தான் உள்ளூர்ப் பாதையிலும் தென்னிந்தியப் பாதையிலும் பாடுபட்டன. அதிலும் இழப்பு இருந்தது: 1949 டிசம்பரில் ஒரு டகோட்டா திருச்சியில் தரையிறங்கும்போது சேதமாகி, மறுபடி பறக்கவில்லை. 1964இல் அவ்ரோ 748 வந்தது. இரண்டு டர்போபுரொப் எஞ்சின், நாற்பது சொச்சம் இருக்கை. பலாலிக்காரர் வாயில் 'அவ்ரோ' என்ற சொல் நன்றாக ஒட்டிக்கொண்டது.

அந்த அவ்ரோதான் எரிந்தது. 1978 செப்டெம்பர் 7, ஜே.ஆர். ஜயவர்தனவின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள். இரத்மலானையில் தரையில் நின்ற விமானத்தில் குண்டு வெடித்தது. பயணிகள் இறங்கிவிட்டிருந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. விடுதலைப் புலிகள் வைத்த குண்டு. எங்கள் பக்கத்தில் அதை ஒரு சாகசமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்டுத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். பல வருடம் கழித்துத்தான் ஒரு சின்ன விஷயம் மண்டையில் ஏறியது: எரிந்தது எங்களை ஏற்றி இறக்கிய விமானம்.

ஏர் சிலோன் அந்தக் குண்டினால் மூடப்படவில்லை. அதற்கு முன்பே கடனில் மூழ்கியிருந்தது. 1979 செப்டெம்பர் 1ஆம் திகதி இரண்டு போயிங் 707களோடு ஏர் லங்கா பறக்கத் தொடங்கியது. அதன் கண் கட்டுநாயக்காவிலும் வெளிநாட்டிலும் இருந்தது, பலாலியில் அல்ல.

பிறகு போர். 1990இல் பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்குச் சனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது. ஏ-9 வீதி மூடிக்கிடந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் பொதுசனத்தை ஏற்றிப் பறந்த நிறுவனங்களில் ஒன்று லயன் ஏர். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து கிளம்பிய அதன் அன்டோனோவ்-24 மன்னார்க் கடலுக்கு மேலே காணாமல் போனது. 55 பேர், பெரும்பாலும் தமிழ்ப் பொதுசனம். புலிகள் சுட்டு வீழ்த்தியதாகவே கருதப்படுகிறது. இரணைதீவுக்கு அருகே கடலடியில் சிதைவுகளைக் கண்டுபிடிக்க 2012 ஆகிவிட்டது. மேலே கொண்டுவந்த உடுப்புகளை உறவினர் அடையாளம் காண யாழ்ப்பாணத்தில் பரப்பி வைத்தார்கள். பதினான்கு வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த சட்டையைப் பார்த்து 'இது என்ர பிள்ளையின்ர' என்று சொல்வது எப்படியிருக்கும்? விமானங்களின் பட்டியலில் இதற்கு ஒரு வரிதான் இடம்.

2019 அக்டோபர் 17ஆம் திகதி அலையன்ஸ் ஏரின் ஏடிஆர்-72 சென்னையிலிருந்து வந்து பலாலியில் இறங்கியது. நவம்பரில் வழக்கமான சேவை, மார்ச்சில் கொரோனா, மறுபடி ஓட 2022 டிசம்பர் ஆனது. அதற்குப் பிறகுதான் நான் அதில் போனேன். எழுபது இருக்கை, அவ்ரோவைப் போலவே இரண்டு விசிறி. பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஏறியதும் கேட்டார்.

"தம்பி, இது கொழும்பில நிண்டுதானே போகும்?"

"இல்லையம்மா. நேர பலாலி."

அவர் நம்பவில்லை. பணிப்பெண்ணிடமும் ஒருக்கால் கேட்டார். பனைகளும் செம்மண்ணும் தெரியும்வரை கைப்பையை மடியை விட்டு இறக்கவேயில்லை.

இறங்கி வெளியே நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த விமானம் அங்கிருந்து தெற்கே போவதில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்கே திரும்பிவிடும். சீதா தேவி வந்த வழியில் பாதி கிடைத்திருக்கிறது. பெரியப்பா இருந்திருந்தால் அந்தப் பாதியே போதும் என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு மற்றப் பாதியும் வேணும்.