பின்வாசலின் விலை

1840-களில் மான்செஸ்டரில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் குடியிருந்த தெருக்களைச் சுற்றிப் பார்த்த பிரெடரிக் ஏங்கெல்ஸ், எந்த வீட்டுக்கு வாடகை கூடுதல், எதற்குக் குறைவு என்பதையும் குறித்துவைத்தார். அங்கே பரவலாக இருந்த ஒரு முறையில் வீடுகளை மூன்று வரிசையாகக் கட்டினார்கள். தெருவைப் பார்த்த முதல் வரிசைக்குப் பின்வாசலும் சின்ன முற்றமும் உண்டு. அதை அடுத்து ஒரு குறுகிய சந்து. சந்தைப் பார்த்தபடி இரண்டாம் வரிசை, அதன் முதுகோடு முதுகு ஒட்டி, மறுதெருவைப் பார்த்தபடி மூன்றாம் வரிசை. பின்வாசல் உள்ள வீட்டுக்கே வாடகை அதிகம். மூன்றாம் வரிசைக்கு அதைவிடக் குறைவு, நடுவில் சிக்கிய வரிசைக்கு ஆகக் குறைவு. 1845-இல் வெளிவந்த தன் நூலில் இதை வரைபடத்தோடு விளக்கியிருக்கிறார்.

ஆங்கிலேய ஆலை நகரங்களின் வரிசை வீடுகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் முகப்பைப் பற்றியே பேசுகிறார்கள். சிவப்புச் செங்கல், வேல்ஸ் நாட்டுச் சிலேட்டுக் கூரை, ஒரே அச்சில் வார்த்த கதவுகள். ஆனால் இந்த வீட்டின் உண்மையான வரலாறு அதன் பின்சுவரில் இருக்கிறது. அந்தச் சுவரில் ஒரு கதவு திறக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

முதலில் கட்டியவை 'பேக்-டு-பேக்' வீடுகள். மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கதவும் சன்னலும் ஒரே பக்கம்தான். மாடிக்கு ஓர் அறை, மொத்தம் இரண்டு அல்லது மூன்று அறைகள். ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குப் பயன்படுவதால் செங்கலும் மிச்சம், நிலமும் மிச்சம். கட்டியவர்கள் பெரும்பாலும் சிறு ஒப்பந்தக்காரர்கள். நிலம் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை முடிந்ததும் வீடு நிலக்காரருக்குப் போய்விடும் என்பதால் உறுதியாகக் கட்டவோ பழுது பார்க்கவோ யாருக்கும் அக்கறை இல்லை. அரைச் செங்கல் கனத்தில் எழும்பிய வெளிச்சுவர்களை ஏங்கெல்ஸ் நேரில் பார்த்திருக்கிறார். காற்று உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியே கிடையாது. கழிவறை முற்றத்தின் மூலையில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக.

காலரா இந்தக் கணக்கை மாற்றியது. 1849-இல் பிராட்ஃபோர்டு நகரில் அந்நோய் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனபோது அங்கே மேயராக இருந்தவர் கம்பளி ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட். தன் ஆலைகளை நகருக்கு வெளியே, ஏர் ஆற்றங்கரைக்கு மாற்றினார். 1853 செப்டம்பர் 20, அவருடைய ஐம்பதாவது பிறந்த நாளன்று, புது ஆலை திறக்கப்பட்டது. அதைச் சுற்றி லாக்வுட், மாசன் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த ஊர்தான் சால்டெய்ர். எண்ணூறுக்கு மேற்பட்ட கல் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் குழாய்த் தண்ணீர், எரிவாயு விளக்கு, தனி முற்றம், முற்றத்தில் தனிக் கழிவறை. தெருக்களுக்கு மனைவி கரோலின் பெயரும் பிள்ளைகள் பெயர்களும். வரிசையின் ஓரங்களில் சற்றே உயர்ந்து நிற்கும் வீடுகள் மேற்பார்வையாளர்களுக்கு உரியவை. ஆலையின் படிநிலை தெருவிலும் அப்படியே தெரிந்தது. மதுக்கடைக்கு ஊருக்குள் இடமில்லை. முதலாளி தந்த நல்ல வீட்டோடு முதலாளியின் கண்ணும் கூடவே வந்தது என்பதை மறந்துவிட்டு இந்த ஊரைப் புகழ முடியாது.

நல்ல மனம் படைத்த எல்லா முதலாளிகளும் பின்வாசல் வைக்கவில்லை. ஹாலிஃபாக்ஸ் பக்கம் காப்லியில் எட்வர்டு அக்ராய்டு அதே காலத்தில் கட்டிய தொழிலாளர் வீடுகள் அழகானவை, ஆனால் பேக்-டு-பேக். 1859-இல் அவர் தொடங்கிய அக்ராய்டனில் தொழிலாளர்கள் தவணை கட்டி வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ள வழி செய்தார். அங்கே கூரையிலிருந்து துருத்திய பழங்காலப் பாணிச் சன்னல்களைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். ஆதரவற்றோர் விடுதியை அவை நினைவூட்டினவாம். சொந்த உழைப்பில் வீடு வாங்குபவர்களுக்கு அது உறுத்தியது நியாயம்தான்.

எல்லோருக்குமான பின்வாசலைத் திறந்தது சட்டம். 1875-இன் பொதுச் சுகாதாரச் சட்டமும், அதையொட்டி 1877-இல் அரசு வெளியிட்ட மாதிரி விதிகளும் அகலமான புதுத் தெருக்களையும், வீட்டுக்குப் பின்னால் குறைந்தது 150 சதுர அடி திறந்த வெளியையும் கேட்டன. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுக்களை, மாடியில் இரண்டு படுக்கையறை, கொல்லையில் கரிக்கிடங்கும் கழிவறையும், அதற்கப்பால் ஒரு சந்து. லங்காஷயர் முழுவதும் ஆயிரம் ஆயிரமாக எழுந்தது இந்த அமைப்புதான். சந்து அழகுக்காக விட்டதல்ல. பல ஊர்களில் அப்போது எடுப்புக் கழிவறைகள்தான். மலவாளியை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியே எடுத்துப் போக ஒரு பாதை வேண்டியிருந்தது. ராச்டேல் நகரில் இதற்கு வாளிகளும் வண்டிகளும் கொண்ட முறையே இருந்தது. அந்த நாற்றத்தைத் தன் உடம்பில் ஏற்று ஊரைக் காப்பாற்றியவர்களின் பெயர் எந்தத் தெருவுக்கும் சூட்டப்படவில்லை.

பின்பக்கம் வேலைக்கு என்று ஆனதும் முன்பக்கம் மானத்துக்கு ஆனது. முன்னறையைப் பல குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் சாவுக்கும் கலியாணத்துக்கும் என்று பூட்டியே வைத்தன. வாசற்படியைப் பெண்கள் தேய்த்துக் கழுவி, கல்தூளும் சிமெண்டும் கலந்து செய்த கட்டியால் விளிம்பில் நிறம் தீட்டினார்கள். பழந்துணி வாங்க வருபவரிடம் துணி கொடுத்து அந்தக் கட்டியை வாங்கிக்கொள்வார்கள்.

லீட்ஸ் மட்டும் பிடிவாதமாக நின்றது. 1866-இல் அங்கே வந்த சட்டம் பேக்-டு-பேக் வரிசையை எட்டு வீட்டோடு நிறுத்தி இடையே கழிவறை முற்றம் விடச் சொன்னதே தவிர, தடுக்கவில்லை. 1909-இல் நாடு முழுதும் தடை வந்த பிறகும், முன்பே ஒப்புதல் பெற்ற வரைபடங்களை வைத்து 1937 வரை கட்டினார்கள். அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.

பிற ஊர்களில் 1950-களிலிருந்து இடிப்பு வேகம் பிடித்தது. மோசமான வீடுகளோடு நல்ல வீடுகளும் போயின. 2000-களின் தொடக்கத்தில் லங்காஷயரின் நெல்சன் நகரில், வைட்ஃபீல்டு பகுதியின் நூற்றுக்கணக்கான வரிசை வீடுகளுக்கும் அதே முடிவு எழுதப்பட்டிருந்தது. அங்கே குடியிருந்தவர்களில் பலர் பாகிஸ்தானிய வழிவந்த குடும்பத்தினர். பொது விசாரணையில் வீடுகள் வசிக்கத் தகுதியானவை என்று வாதாடினார்கள். கட்டாயக் கையகப்படுத்தலுக்கு அரசு அனுமதி மறுத்தது. அந்தத் தெருக்கள் நின்றன.